பெரிய பழமா, நல்ல செடியா? தக்காளியை மாற்றிய லிவிங்ஸ்டனின் வாழ்க்கை

வீட்டுத் தோட்டத்தில் தக்காளி வளர்ப்பவர்கள் அடுத்த பருவத்துக்கு விதை எடுக்கும்போது பெரும்பாலும் ஒரே வழியைத்தான் கையாள்கிறார்கள். பறித்து வந்த கூடையில் பெரியதாக, உருண்டையாக, நன்றாக நிறம் ஏறியதாக இருக்கும் ஒரு பழத்தை எடுத்துப் பிழிந்து, விதையைக் காய வைத்துவிடுகிறார்கள். அந்தப் பழம் எந்தச் செடியில் காய்த்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு மூன்று பருவம் போனதும், முன்பு போல் காய்க்கவில்லை, ரகம் கெட்டுவிட்டது என்று வருத்தப்படுகிறார்கள்.

இதே வழியை அமெரிக்க விவசாயி ஒருவர் சுமார் 15 ஆண்டுகள் விடாமல் கையாண்டு பார்த்தார். பலன் கிடைக்கவில்லை. பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்தார். பழத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் செடியைப் பார்த்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் கையில் இருந்த ரகம், அமெரிக்கத் தக்காளிச் சாகுபடியின் போக்கையே மாற்றியது. அவர் பெயர் அலெக்சாண்டர் லிவிங்ஸ்டன். பாரம்பரிய ரகங்களை விதையிலிருந்து வளர்த்துக் காப்பாற்ற விரும்பும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

நஞ்சு என்று ஒதுக்கப்பட்ட பழம்

லிவிங்ஸ்டன் 1821-ம் ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ரெனால்ட்ஸ்பர்க் என்ற ஊரில் பிறந்தார். மாநிலத் தலைநகரான கொலம்பஸுக்குக் கிழக்கே உள்ள ஊர் அது. அப்போது காட்டைத் திருத்தி விளைநிலமாக்கிக்கொண்டிருந்த பகுதி. அவருடைய பெற்றோரும் அப்படிக் குடியேறிய விவசாயிகள்தான்.

தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. மெக்சிகோவில் பயிராகி, 16-ம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் மூலம் ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து வந்து குடியேறியவர்களோடு வட அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. லிவிங்ஸ்டனின் சிறுவயதில் அந்த ஊர்ப்பக்கம் தக்காளியை அழகுக்காகத்தான் வளர்த்தார்கள். கத்திரிக் குடும்பத்தில் நஞ்சுள்ள செடிகள் சில இருப்பதால், இதுவும் நஞ்சு என்ற பயம் மக்களிடம் இருந்தது. சுமார் 10 வயதில் லிவிங்ஸ்டன் ஒரு தக்காளிப் பழத்தைப் பறித்து அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அதைத் தின்னக் கூடாது, பன்றிகூடத் தின்னாது என்று அம்மா எச்சரித்தார். அந்தச் சிவப்பு நிறமும் அம்மாவின் பயமும் சிறுவனின் மனதில் பதிந்துவிட்டன.

அவர் வளர்ந்து ஆளானபோது நிலைமை மாறத் தொடங்கியிருந்தது. 1830-களில் தக்காளி உடம்புக்கு நல்லது என்ற பேச்சு அமெரிக்காவில் பரவியது. தக்காளி மாத்திரை என்ற பெயரில்கூட மருந்துகள் விற்றன. மெல்ல மெல்ல அது சமையலறைக்குள் நுழைந்தது. ஆனால் அன்றைய தக்காளியை இன்று பார்த்தால் நமக்குப் பிடிக்காது. பழம் முழுக்க ஆழமான மடிப்புகள், உள்ளே வெற்றிடம், புளிப்பு அதிகம், காம்புப் பக்கம் பச்சையாகவே நிற்கும். ஒரே செடியிலும் பழங்கள் சீராகப் பழுக்காது. தோலை உரிக்க முயன்றால் மடிப்புகளில் கத்தி சிக்கும், பாதிப் பழம் வீணாகும். வழவழப்பான தக்காளியும் இருந்தது. ஆனால் அது செர்ரி அளவுக்குச் சிறியது.

விதைத் தொழிலுக்கு வந்தவர்

21-ம் வயதில் லிவிங்ஸ்டன் உள்ளூரில் காய்கறி விதை உற்பத்தி செய்தவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். விதைக்காகப் பயிரை வளர்ப்பது எப்படி, எப்போது அறுப்பது, எப்படிச் சுத்தம் செய்து வைப்பது என்பதையெல்லாம் அங்கே கற்றுக்கொண்டார். 1844-ல் திருமணமாயிற்று. சில ஆண்டுகள் குத்தகை நிலத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில் 1852-ல் சொந்த நிலம் வாங்கினார். 1856-ல் அந்தப் பகுதியில் நடந்துகொண்டிருந்த ஒரு விதை வியாபாரத்தை விலைக்கு வாங்கி நடத்த ஆரம்பித்தார்.

அன்றைய விதை வியாபாரம் பெட்டி முறையில் நடந்தது. சிறு சிறு பொட்டலங்கள் அடுக்கிய மரப்பெட்டியைப் பருவத்தின் தொடக்கத்தில் ஊர் ஊராக மளிகைக் கடைகளில் வைத்துவிடுவார்கள். பருவம் முடிந்ததும் திரும்பி வந்து, விற்றதற்குப் பணம் வாங்கிக்கொண்டு, மீதியை எடுத்துக்கொண்டு போவார்கள். இப்படி விற்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. விதை சரியில்லையென்றால் அடுத்த வருடம் அதே ஊரில் அதே வாடிக்கையாளர் முகத்தில் விழிக்க வேண்டும். தக்காளியின் தரத்தை உயர்த்த வேண்டும் என்ற எண்ணம் லிவிங்ஸ்டனுக்கு வலுத்தபோது இந்தத் தொழில்தான் அவர் கையில் இருந்தது.

15 ஆண்டு உழைப்பு, பூஜ்ய பலன்

மடிப்பில்லாத, சதைப்பற்றுள்ள, சீரான அளவில் காய்க்கும் பெரிய தக்காளி வேண்டும் என்பது அவருடைய இலக்கு. அதற்கு எல்லோரும் நல்லதென்று நம்பிய முறையையே எடுத்துக்கொண்டார். வயலில் கிடைத்த பழங்களில் மிகச் சிறந்தவற்றைப் பொறுக்கி விதை எடுப்பார். அடுத்த ஆண்டு அதை விதைப்பார். விளைச்சலில் மறுபடி சிறந்த பழங்களைப் பொறுக்குவார்.

ஒவ்வொரு ஆண்டும் அதே மடிப்பு விழுந்த பழங்கள்தான் திரும்ப வந்தன. பொறுக்கி எடுத்த பழம் வழவழப்பாக இருந்தாலும் அதன் விதையிலிருந்து வந்த செடிகள் தாய்ச்செடியைப் போலவே கோணல்மாணலாகக் காய்த்தன. நல்ல உரம் போட்டார், பக்குவமாகப் பார்த்துக்கொண்டார். பழம் கொஞ்சம் பெரிதானது, உருவம் மாறவில்லை. சுமார் 15 ஆண்டுகள் இப்படியே கழிந்ததாக, பிற்காலத்தில் எழுதிய நூலில் அவரே பதிவு செய்திருக்கிறார். முறையே தவறு என்ற முடிவுக்கு அவர் வர அத்தனை காலம் ஆயிற்று.

கண்ணில் பட்ட ஒரு செடி

ஒருநாள் தக்காளி வயலில் நடந்துகொண்டிருந்தபோது, மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிந்த ஒரு செடி அவர் கண்ணில் பட்டது. இலை அடர்த்தி அதிகம். காய்ப்பும் அதிகம். முக்கியமாக, அந்தச் செடியின் எல்லாப் பழங்களும் ஒன்று போல வழவழப்பாக, மடிப்பில்லாமல் இருந்தன. ஒரு குறைதான்: பழம் சிறியது, வியாபாரத்துக்கு ஆகாது.

முன்பிருந்த லிவிங்ஸ்டனாக இருந்தால், சிறிய பழம் என்று தள்ளிவிட்டு அடுத்த செடியில் இருக்கும் ஒரு பெரிய பழத்தைப் பறித்திருப்பார். இந்த முறை அந்தச் செடியின் விதையை மட்டும் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்தினார். அடுத்த ஆண்டு தோட்டத்தில் நீளமாக இரண்டு வரிசை நட்டார். அத்தனை செடிகளும் தாய்ச்செடியைப் போலவே வழவழப்பான பழம் தந்தன. பழத்தின் அளவும் சற்றுக் கூடியிருந்தது. அந்த வரிசைகளிலும் பழத்தைப் பார்க்காமல் நல்ல செடிகளைத் தேர்ந்தெடுத்து விதை எடுத்தார். சுமார் ஐந்து ஆண்டுகள் இப்படித் தொடர்ந்ததும் பழம் விற்பனைக்கு ஏற்ற அளவை எட்டியது, சதையும் தடித்தது. 1870-ல் அதற்குப் பாரகன் என்று பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

வழவழப்பான பெரிய தக்காளியை உருவாக்கியவர் அவர் ஒருவரே என்று சொல்லிவிட முடியாது. பால்டிமோர் பகுதி மருத்துவர் ஒருவர் சிறிய வழவழப்பான வகையையும் பெரிய மடிப்பு வகையையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய டிராஃபி என்ற ரகமும் அதே காலகட்டத்தில்தான் சந்தைக்கு வந்தது. ஆனால் லிவிங்ஸ்டன் ஒரு ரகத்தோடு நிற்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய ஒரு முறையை அவர் கைவசப்படுத்தியிருந்தார்.

அடுத்தடுத்து வந்த ரகங்கள்

1875-ல் இளஞ்சிவப்பு நிற ஆக்மி, 1880-ல் பெர்ஃபெக்‌ஷன், 1882-ல் மஞ்சள் நிற கோல்டன் குயின், 1883-ல் ஃபேவரிட், 1886-ல் பியூட்டி என்று ரகங்கள் வரிசையாக வெளிவந்தன. பின்னர் வந்த ஸ்டோன் என்ற ரகம் கெட்டியான பழத்துக்குப் பெயர் பெற்றது. தகர டப்பாவில் அடைக்கும் ஆலைகளும் தொலைவூருக்கு அனுப்பும் வியாபாரிகளும் அதை விரும்பினார்கள்.

உருளைக்கிழங்கு இலையைப் போல விளிம்பில் வெட்டில்லாத இலை கொண்ட ஒரு ரகத்தையும் வெளியிட்டார். இவற்றில் பல, வயலில் தற்செயலாகத் தோன்றிய மாறுபட்ட செடிகளிலிருந்து வந்தவை. இயற்கை தருகிற மாறுதலைக் கவனிக்கும் கண்ணும், அதைக் கலக்காமல் தனியே வளர்க்கும் பொறுமையும்தான் அவருடைய கருவிகள்.

1880-ல் விதைத் தொழிலை மகன்கள் பொறுப்பில் விட்டுவிட்டு, அயோவா மாநிலத்துக்குப் போய் அங்கும் சில ஆண்டுகள் விதை வியாபாரம் செய்தார். பிறகு ஓஹியோவுக்கே திரும்பினார். 1893-ல் தன் அனுபவங்களைத் தொகுத்து 'லிவிங்ஸ்டனும் தக்காளியும்' என்ற நூலை வெளியிட்டார். சாகுபடி முறை, ரகங்களின் வரலாறு, சமையல் குறிப்பு எல்லாம் அதில் உண்டு. அதே 1893-ல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இறக்குமதி வரி விதிப்பைப் பொறுத்தவரை தக்காளி பழமல்ல, காய்கறியே என்று தீர்ப்பளித்தது. அவருடைய சிறுவயதில் நஞ்சு என்று ஒதுக்கப்பட்ட ஒன்று, உச்ச நீதிமன்றம் வரை வழக்காடும் அளவுக்கு வணிகப் பொருளாகியிருந்தது. 1898-ல் லிவிங்ஸ்டன் காலமானார்.

அவர் அறியாத அறிவியல்

பட்டாணிச் செடிகளில் மெண்டல் கண்ட மரபு விதிகள் 1866-ல் அச்சாகியும் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1900-ல்தான் மற்ற அறிவியலாளர்கள் அவற்றை மீண்டும் வெளிக்கொண்டுவந்தார்கள். லிவிங்ஸ்டன் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து! ஆனாலும் அவருடைய முதல் முறை ஏன் தோற்றது, இரண்டாவது ஏன் வென்றது என்பதற்கு இன்று தெளிவான விளக்கம் இருக்கிறது.

தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கை செய்யும் பயிர். ஒரு செடியில் காய்க்கும் எல்லாப் பழங்களும் ஒரே தாயின் மரபைத்தான் சுமக்கின்றன. ஒரு பழம் பெரிதாவதற்கும் இன்னொன்று சிறிதாவதற்கும் காரணம், அது எந்தக் கொத்தில் இருந்தது, அப்போது தண்ணீர் எவ்வளவு கிடைத்தது, அந்தக் கொத்தில் எத்தனை காய் நின்றது என்பவைதான். இந்த வேறுபாடு விதைக்குள் போவதில்லை. மோசமான செடியின் மிகப் பெரிய பழத்திலும் மோசமான செடியின் விதைதான் இருக்கும். நல்ல செடியின் சிறிய பழத்திலும் நல்ல செடியின் விதையே இருக்கும்.

1903-ல் டென்மார்க் அறிவியலாளர் வில்ஹெல்ம் யொகான்சன் இதைப் பீன்ஸ் விதையில் நிரூபித்தார். ஒரே செடியின் வழிவந்த தூய வரிசையில் கனமான விதையை விதைத்தாலும் லேசான விதையை விதைத்தாலும் அடுத்த தலைமுறையின் சராசரி எடை ஒன்றாகவே இருந்தது. வெவ்வேறு செடிகளின் வழிவந்த வரிசைகளுக்கு இடையேதான் உண்மையான வேறுபாடு தெரிந்தது. பயிர்ப் பெருக்கத் துறையில் இன்று தனிச்செடித் தேர்வு என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முறைக்கு இதுதான் அடிப்படை. லிவிங்ஸ்டன் வயலில் நடந்தே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

அவர் விட்டுச்சென்றவை

லிவிங்ஸ்டன் குடும்ப நிறுவனம் 1905-ல் குளோப் என்ற ரகத்தை வெளியிட்டது. அதையும் மார்வெல் என்ற ரகத்தையும் கலந்து அமெரிக்க வேளாண் துறை 1925-ல் வாடல் நோயைத் தாங்கும் மார்குளோப் ரகத்தைத் தந்தது. மார்குளோப்பைப் பெற்றோராகக் கொண்டு 1934-ல் ரட்கர்ஸ் ரகம் வந்தது. அமெரிக்க வேளாண் துறை தன் 1937-ம் ஆண்டு மலரில் தக்காளி ரகங்களின் வரலாற்றை எழுதியபோது, முக்கிய ரகங்களில் ஏறத்தாழப் பாதி லிவிங்ஸ்டன் குடும்பத்தின் தேர்வுத் திறமையால் கிடைத்தவை என்று குறிப்பிட்டது. ரெனால்ட்ஸ்பர்க்கில் 1865-ல் அவர் கட்டிய வீடு இன்று அருங்காட்சியகம். அந்த ஊரில் தக்காளித் திருவிழாவும் நடக்கிறது.

அவர் காலத்தில் விதை ரகங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் அவர் ரகத்தை வாங்கி, விதை எடுத்து, விற்கலாம். வியாபாரிக்கு அது நட்டம்தான். ஆனால் இன்றைக்கும் அந்த ரகங்களில் சில உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கலப்பின விதை பரவி, விதை நிறுவனப் பட்டியல்களிலிருந்து பழைய ரகங்கள் மறைந்தபோது, விதை வங்கிகளும் வீட்டுத் தோட்டக்காரர்களும் கைக்குக் கை மாற்றி அவற்றைக் காப்பாற்றினார்கள். பாரம்பரிய ரகம் என்று நாம் சொல்வது தானாக நிலைத்து நிற்கும் பொருளல்ல. ஒவ்வொரு பருவமும் யாரோ ஒருவர் சரியான செடியைத் தேர்ந்தெடுத்ததால் நிற்பது அது. தொடர்ந்து சில பருவங்கள் தவறான செடியிலிருந்து விதை எடுத்தால், நூறு வருட ரகமும் பெயரளவில்தான் மிஞ்சும்.

உங்கள் தோட்டத்தில் இதைச் செய்வது எப்படி?

முதலில், கையில் இருப்பது என்ன விதை என்று பாருங்கள். வீரிய ஒட்டு ரகத்திலிருந்து எடுக்கும் விதை அடுத்த தலைமுறையில் பலவிதமாகப் பிரியும். நாட்டுத்தக்காளி, பாரம்பரிய ரகங்கள், பி.கே.எம் 1 போன்ற ஒட்டு அல்லாத ரகங்கள் ஆகியவற்றில் மட்டுமே விதை எடுப்பது பலன் தரும்.

நாற்று: குழித்தட்டிலோ சிறு தொட்டியிலோ அரை செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும். 25 நாள் நாற்றை எடுத்து நடலாம். தரையில் 60 செ.மீ.க்கு 45 செ.மீ. இடைவெளி விடுங்கள். மாடித்தோட்டத்தில் ஒரு பைக்கு ஒரு செடி போதும். குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள்.

செடி எண்ணிக்கை: ஒரே ரகத்தில் குறைந்தது ஆறு செடியாவது வேண்டும். ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு தேர்வு செய்ய முடியாது.

தேர்வு: காய்க்கத் தொடங்கியதிலிருந்து செடிகளைக் கவனியுங்கள். நோயில்லாமல், இலை சுருளாமல், எல்லாக் கொத்திலும் ரகத்துக்கு உரிய உருவத்தில் சீராகக் காய்க்கும் செடி எது என்று பார்த்து, அதில் வண்ணத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். அந்தச் செடியில் முதல் சில பழங்களைச் சமையலுக்குப் பறிக்காமல் விதைக்காக விட்டுவிடுங்கள். ஒரு செடியில் ஒரே ஒரு பழம் மட்டும் பிரமாதமாக இருந்தால் ஏமாற வேண்டாம். நச்சுயிரி தாக்கிய செடியின் பழம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விதைக்கு ஆகாது.

கலப்பைத் தவிர்த்தல்: பெரும்பாலான ரகங்களில் சூல்முடி மகரந்தக் குழலுக்குள்ளேயே இருப்பதால் கலப்பு குறைவு. பழைய மடிப்புத் தக்காளி வகைகள் சிலவற்றிலும் உருளைக்கிழங்கு இலை வகைகள் சிலவற்றிலும் சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தேனீ வந்தால் கலந்துவிடும். பல ரகங்களை அருகருகே வளர்ப்பவர்கள், பூ விரியும் முன்பே ஒரு கொத்துக்கு மெல்லிய துணிப்பை கட்டி, தினமும் லேசாகத் தட்டிவிடுங்கள். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் கொத்தில் அடையாளம் கட்டுங்கள்.

விதை எடுத்தல்: செடியிலேயே முழுதாகப் பழுத்த பழத்தை அறுத்து, விதையையும் சாற்றையும் கண்ணாடிக் கிண்ணத்தில் பிழிந்து நிழலில் வையுங்கள். தண்ணீர் சேர்க்க வேண்டாம். நம் வெயில் காலத்தில் ஒன்று முதல் இரண்டு நாளில் நுரைத்து, விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு கரைந்துவிடும். அந்த வழவழப்புதான் முளைப்பைத் தடுப்பது. அதற்கு மேல் விட்டால் கிண்ணத்திலேயே முளைவிடும். பிறகு நன்றாகக் கழுவி, மிதக்கும் பதர் விதைகளை ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதைத் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.

சேமிப்பு: சலசலவென்று உலர்ந்த பிறகு காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயர், எந்தச் செடி, மாதம், ஆண்டு ஆகியவற்றை எழுதி, காற்றுப் புகாத பாட்டிலில் வையுங்கள். நன்கு உலர்ந்த விதை சில ஆண்டுகள் வரை முளைப்புத் திறனோடு இருக்கும். எடுத்த விதை முழுவதையும் ஒரே பருவத்தில் விதைத்துவிட வேண்டாம். பாதியைக் கையிருப்பாக வைத்துக்கொண்டால், மழையிலோ நோயிலோ பயிர் போனாலும் ரகம் போகாது.

பாட்டிலில் ஒட்டும் சீட்டில் அந்தச் செடி எப்படிக் காய்த்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதி வையுங்கள். அடுத்த பருவத்தில் முளைத்து வரும் செடிகள் தாயைப் போல இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு வரி போதும்.